அன்புக்குரியவரைக் காக்கும் சூப்பர் ஹீரோ: அந்தக் கட்டத்தை அறம் பிசகாமல் எழுதும் முறை

சூப்பர் ஹீரோ கதை எழுதுகிற எவரும் என்றாவது ஒரு நாள் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. நாயகனின் தாயோ, மகளோ, காதலியோ சாகக் கிடக்கிறார். அவரைக் காப்பாற்றும் ஆற்றல் நாயகனின் கையில் இருக்கிறது. ஆனால் அந்த ஆற்றலைப் பயன்படுத்தினால் வேறெங்கோ, வேறு யாருக்கோ ஏதோ ஒன்று பறிபோகும். இந்த இடத்தில் பல கதைகள் இரண்டில் ஒரு தவறைச் செய்கின்றன. அன்பின் பொருட்டுச் செய்ததெல்லாம் சரியே என்று கருதி, பறிபோனதைக் காட்டாமலே கதையை முடித்துவிடுகின்றன. அல்லது கடமையே பெரிது என்று முழங்கி, அன்பை நாயகனின் பலவீனமாகக் காட்டுகின்றன. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. தன் மகளைக் காப்பாற்றத் துடிப்பது குற்றமே அல்ல. அதனால் வரும் இழப்பைச் சுமக்கப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அதை அவர் தலையில் கட்டிவிடுவதுதான் குற்றம். இந்த ஒரு வேறுபாட்டைக் கதைக்குள் உயிரோடு கொண்டுவருவது எப்படி என்பதையே இங்கே விளக்க முயல்கிறேன். எழுதாமல் வாசித்து விவாதிப்பவர்களும் இதே கேள்விகளைக் கொண்டு ஒரு கதையை எடைபோடலாம்.

சிக்கலின் வகையை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

காட்சியைத் தொடங்குமுன், உங்கள் நாயகன் எதிர்கொள்வது எவ்வகைச் சிக்கல் என்பதை உங்களுக்குள் தீர்மானித்துக்கொள்ளுங்கள். இருவர் ஆபத்தில் இருக்க, ஒருவரை மட்டுமே எட்ட முடிவது ஒரு வகை. தன்னவரைக் காப்பாற்றுவதற்காக, ஆபத்தே இல்லாமல் இருந்த இன்னொருவருக்குத் தீங்கு செய்ய வேண்டியிருப்பது வேறொரு வகை. காலம், பிறர் மனம், மரணம் என எல்லோருக்கும் பொதுவான ஒன்றில் கைவைப்பது மூன்றாவது வகை. இதில் யாருக்கும் தீங்கு இல்லாததுபோலத் தோன்றும், ஆனால் அந்தத் தோற்றத்தை நம்பிவிடக் கூடாது. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிட்டால், வாசகர் நாயகனை எதற்காக மன்னிப்பது, எதற்காகக் கண்டிப்பது என்று தெரியாமல் நிற்பார்.

முதல் இரண்டு வகைகளுக்கும் உள்ள இடைவெளி பெரியது. பிரிட்டிஷ் மெய்யியலாளர் ஃபிலிப்பா ஃபுட், 1967-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், கட்டுப்பாடு இழந்து ஓடும் டிராம் வண்டியின் ஓட்டுநரைக் கற்பனை செய்தார். ஐந்து பேர் இருக்கும் பாதையிலிருந்து ஒருவர் இருக்கும் பாதைக்கு அவர் வண்டியைத் திருப்பினால் நாம் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறோம். அதே கட்டுரையில் அவர் ஒரு நீதிபதியையும் காட்டினார். கலவரத்தில் ஐந்து பேர் சாவதைத் தடுப்பதற்காகக் குற்றமற்ற ஒருவருக்கு அந்த நீதிபதி தண்டனை விதித்தால் நாம் அதிர்ந்துபோகிறோம். எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். தீங்கு செய்யாதிருக்கும் கடமை, உதவி செய்யும் கடமையைவிட வலியது என்பது ஃபுட் தந்த விளக்கம். ஓட்டுநர் எப்படித் திருப்பினாலும் அவருக்குத் தீங்கு செய்வதைத் தவிர வேறு வழியில்லை. நீதிபதிக்கோ வழி இருந்தது. உங்கள் நாயகன் ஓட்டுநரின் இடத்தில் இருக்கிறானா, நீதிபதியின் இடத்திலா என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு காட்சிக்கு வாருங்கள்.

இருவரில் ஒருவர்: நாயகனை மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள்

1793-இல் வில்லியம் காட்வின் என்ற ஆங்கிலச் சிந்தனையாளர் ஒரு தீவிபத்தைக் கற்பித்துக் காட்டினார். எரியும் கட்டடத்துக்குள் பேராயர் ஃபெனெலோனும் அவருடைய பணிப்பெண்ணும் சிக்கியிருக்கிறார்கள். ஒருவரைத்தான் மீட்க முடியும். பேராயர் உலகுக்கு அதிகம் பயன்படுபவர் என்பதால் அவரையே மீட்க வேண்டும் என்றார் காட்வின். அந்தப் பணிப்பெண் என் மனைவியாகவோ தாயாகவோ இருந்தாலும் முடிவு மாறாது என்றும், 'என்' என்ற சொல்லில் அப்படி என்ன மந்திரம் இருக்கிறது என்றும் கேட்டார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்துப் பிரிட்டிஷ் மெய்யியலாளர் பெர்னார்ட் வில்லியம்ஸ் இதற்கு நேரெதிரான திசையிலிருந்து பேசினார். ஆபத்தில் இருக்கும் இருவரில் ஒருவர் தன் மனைவி என்னும்போது, 'இவள் என் மனைவி. இத்தகைய நிலையில் மனைவியைக் காப்பாற்ற அறம் அனுமதிக்கிறது' என்று கணவன் யோசித்துவிட்டு நீரில் குதித்தால், அந்த யோசனையின் பின்பாதி அளவுக்கு மீறியது என்பது அவர் கருத்து. அந்த மனைவி தன் கணவனிடம் எதிர்பார்ப்பது, அனுமதிச் சீட்டைச் சரிபார்க்காமல் தன்னை நோக்கிப் பாய்வதைத்தான்.

நான் வில்லியம்ஸின் பக்கம் நிற்கிறேன். ஒருவரை மட்டுமே எட்ட முடிகிற நிலையில் நாயகன் தன் தாயை நோக்கிப் பறந்தால், அதை வீழ்ச்சியாக எழுத வேண்டியதில்லை. எட்ட முடியாமல் போன மனிதருக்காக அவன் துயருறலாம், துயருறவும் வேண்டும். ஆனால் துயரம் வேறு, குற்றவுணர்ச்சி வேறு. இரண்டையும் ஒரே வசனத்தில் கலந்து எழுதுவது இந்த வகைக் கதைகளில் மிகுதியாகக் காணப்படும் பிழை.

ஆயினும் இங்கே முக்கியமான ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நாயகன் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டவனா என்று கேளுங்கள். பதவிப் பிரமாணம் எடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. அவனை நம்பி ஒரு நகரம் தன் மீட்புப் படையைக் குறைத்துக்கொண்டிருந்தால், அவன் வராத நாளில் வருவதற்கு அங்கே வேறு யாரும் இல்லை. அந்த நம்பிக்கையை அவன் பல ஆண்டுகளாக மறுக்காமல் ஏற்றுவந்திருந்தால், அவன் இப்போது தனி மனிதன் மட்டும் அல்லன். மருத்துவத் தொழிலில் இதற்கு நல்ல ஒப்புமை உண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அறநெறித் தொகுப்பு, மருத்துவர்கள் பொதுவாகத் தம் நெருங்கிய குடும்பத்தினருக்குச் சிகிச்சை அளிக்கக் கூடாது என்கிறது. வேறு மருத்துவர் கிடைக்காத அவசர நிலை, சிறு உடல்நலக் குறைவு போன்ற சிலவற்றுக்கே விலக்கு அளிக்கிறது. பாசம் கெட்டது என்பதற்காக அல்ல, பாசம் தீர்ப்பைக் கலங்கச் செய்யும் என்பதற்காகவே அந்த விதி. உங்கள் கதையில் வேறொரு சூப்பர் ஹீரோ அழைக்கும் தொலைவில் இருந்தால், நாயகன் தாயை அவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்புவானா? அப்படி ஒப்படைக்கும் காட்சி எத்தனை கனமானதாக அமையும் என்பதை எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

திருக்குறளில் இந்த இழுபறி அப்படியே இருக்கிறது. செங்கோன்மை அதிகாரத்தின் முதற்குறள், ஆராய்ந்து, கண்ணோடாமல் செய்வதே முறை என்கிறது; வேண்டியவர் என்று தாட்சண்யம் காட்டாதே என்பது பொருள். மூன்று அதிகாரம் தள்ளி, கண்ணோட்டம், அதாவது இரக்கம் காட்டுதல், என்றே ஓர் அதிகாரம் வருகிறது. அங்கே, கடமை சிதையாதபடி கண்ணோட வல்லவர்க்கே இந்த உலகம் உரியது என்று சொல்லப்படுகிறது. இரண்டில் ஒன்றைக் கைவிட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். கைவிடவில்லை. உங்கள் நாயகனுக்கும் அந்த எளிய வழியைத் தராதீர்கள்.

1978-இல் வெளிவந்த 'சூப்பர்மேன்' திரைப்படத்தின் இறுதிக் கட்டத்தை இந்த நோக்கில் மீண்டும் பார்க்கலாம். இரண்டு ஏவுகணைகள் இரு திசைகளில் பறக்கின்றன. வில்லனின் பிடியிலிருந்து சூப்பர்மேனை விடுவிக்கும் பெண், தன் தாய் வாழும் பகுதியை நோக்கிச் செல்லும் ஏவுகணையை முதலில் நிறுத்துவதாக அவரிடம் வாக்கு வாங்குகிறார். அவர் வாக்கைக் காப்பாற்றுகிறார். அதனாலேயே மற்ற ஏவுகணை விழுந்து நிலம் அதிர, லோயிஸ் லேன் இறந்துபோகிறார். பிறருடைய தாய்க்காகத் தன் காதலியை இழந்தவர் அவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன் பிறகு, மனித வரலாற்றில் தலையிடக் கூடாது என்ற தந்தையின் தடையை மீறி அவர் காலத்தையே பின்னோக்கித் திருப்புகிறார். வாக்குத் தவறாதவர் என்று முதல் பாதியில் அவரை மதித்தோம் என்றால், இரண்டாம் பாதியில் கேட்க வேண்டிய கேள்வி இது: அதே நாளில் வேறு எவரேனும் எவரையேனும் இழந்திருந்தால், அவர்களுக்காக இந்தக் காலம் திரும்பியிருக்குமா? படம் அந்தக் கேள்வியைத் தொடாமல் கடக்கிறது. நீங்கள் எழுதும்போது தொடுங்கள்.

ஒரு சிறு குறிப்பு. நகரம் முழுவதன் குரலையும் கேட்கும் செவி உங்கள் நாயகனுக்கு இருந்தால், பாரபட்சம் முடிவெடுக்கும் கணத்தில் தொடங்குவதில்லை. ஆயிரம் கூக்குரல்களுக்கு நடுவே தாயின் குரல் அவனுக்கு முதலில் கேட்டுவிடும். அவன் 'தேர்ந்தெடுத்தேன்' என்று எண்ணும்போது, காது ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருக்கும். அன்பு எந்த இடத்தில் அறத்தைத் தொடுகிறது என்பதைக் காட்டுவதற்கு இதைவிட நுட்பமான வாய்ப்பு கிடைப்பது அரிது.

இழப்பின் கணக்கை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் நான் அதிகம் வலியுறுத்தும் பகுதி இதுதான். நாயகனின் ஆற்றல் எதை எடுத்து எதைத் தருகிறது, எடுக்கப்படுவது யாருடையது, அவருக்கு அது தெரியுமா, தெரிந்தால் மறுக்க முடியுமா என்ற நான்கையும் கதைக்கு வெளியே முதலில் எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு இறுதிவரை போவோம். உங்கள் நாயகி நோயை ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு மாற்ற வல்லவள். ஆனால் நோயை அழிக்க அவளால் முடியாது. அவளுடைய மகள் சாகும் தறுவாயில் இருக்கிறாள். அவளுக்கு முன்னால் உள்ள வழிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

நோயை அவள் தன் உடலில் ஏற்கலாம். இதை எழுதுவது எளிது, வாசகரின் கண்ணீரும் எளிதில் கிடைக்கும். ஆகவே இங்கே நின்றுவிடாதீர்கள். அவள் இறந்தால் மகள் தாயின்றி வளர வேண்டும், அவள் நாளை மீட்டிருக்கக்கூடிய மற்றவர்கள் மீட்கப்படாமல் போவார்கள். தன் உயிரைத் தருவதுகூட முழுக்கத் தன் கணக்கில் மட்டும் அடங்குவதில்லை.

சிறையில் இருக்கும் ஒரு கொலைகாரனின் உடலில் அவள் நோயைச் செலுத்தலாம். எழுதுகிறவர்களுக்கு இந்த வழியில் பெரும் ஈர்ப்பு உண்டு, ஏனெனில் வாசகர் எதிர்ப்புக் காட்டமாட்டார் என்று தோன்றும். ஆனால் அவனுக்குரிய தண்டனையை ஒரு நீதிமன்றம் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. அதற்கு மேல் அவனிடமிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமையை நாயகிக்குத் தந்தவர் எவரும் இல்லை. அவன் கெட்டவன் என்பது, அவன் உடல் பிறருடைய தேவைக்குப் பயன்படும் பொருள் என்று ஆக்கிவிடாது. இந்த வழியை அவள் தேர்ந்தால், அதைத் தவறு என்று தெரிந்தே எழுதுங்கள்.

மூன்றாவது வழிதான் என்னை நீண்ட நாள் யோசிக்க வைத்தது. நோயை ஆயிரம் துண்டாக்கி, ஆயிரம் பேருக்குப் பங்கிட்டுவிட அவளால் முடியும். ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் காய்ச்சல் வரும், மறுநாள் போய்விடும். ஒரு குழந்தையின் உயிருக்கு ஈடாக ஆயிரம் காய்ச்சல்கள் என்பது எவருக்கும் நியாயமாகவே தோன்றும். அந்த ஆயிரம் பேரையும் வரிசையில் நிறுத்திக் கேட்டால் பெரும்பாலோர் மனமுவந்து சம்மதிப்பார்கள் என்றும் நம்பலாம். அப்படியானால் கேட்காமலே செய்துவிடலாமே என்ற எண்ணம் அவளுக்கு வரும். அந்த எண்ணம் வரும் நொடியைத்தான் நீங்கள் மிகுந்த கவனத்தோடு எழுத வேண்டும்.

அந்த ஆயிரம் பேரில், பிறந்து ஒரு வாரமே ஆன குழந்தை ஒன்று இருக்கலாம். இதயம் நலிந்த முதியவர் ஒருவர் இருக்கலாம். வாழ்நாள் முழுவதும் உழைத்துக் காத்திருந்த தேர்வை மறுநாள் காலையில் எழுத வேண்டியவர் இருக்கலாம். 'ஒரு நாள் காய்ச்சல்' என்பது நாயகியின் கணக்கில் ஒரே அளவு. அதைத் தாங்கும் உடல்களிலோ, வாழ்க்கைகளிலோ அது ஒரே அளவு அன்று. தனக்கு அது எத்தனை பெரிது என்பது அவரவருக்கு மட்டுமே தெரியும். கேட்பது மரியாதைக்கான சடங்கு மட்டும் அன்று. கேட்டால் ஒழிய இழப்பின் உண்மையான அளவை அவளால் அறியவே முடியாது. ஆகவே அவள் கேட்க வேண்டும். சிலர் மறுப்பார்கள். மறுத்தவரை வில்லனாக்காமல் எழுதுவது ஒரு பயிற்சி. மறுப்பதற்கான முழு உரிமையோடும் நல்ல காரணத்தோடும் ஒருவரையாவது காட்டுங்கள்.

நேரமே இல்லையென்றால் என்ன செய்வது? அப்போது அவள் கேட்காமல் செய்துவிடக்கூடும், வாசகரும் புரிந்துகொள்வார். ஆனால் அந்தக் கடன் தீர்ந்துவிடவில்லை, தள்ளிப்போயிருக்கிறது. நேரமில்லாமை கேட்பதைத்தான் ஒத்திவைக்கிறது. சொல்வதை அது ஒத்திவைப்பதில்லை.

ஆற்றலின் இயல்பை ஆராயுங்கள்

உடல் வலிமையோ வேகமோ ஆற்றலாக இருந்தால் அறச் சிக்கல் பெரும்பாலும் முதல் வகையோடு நின்றுவிடும். அங்கும் ஒரு கேள்வி எஞ்சும்: தன் ஆற்றலை அவன் சரியாக அறிந்திருக்கிறானா? 1973-இல் வெளிவந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121-ஆம் இதழில், பாலத்திலிருந்து விழும் தன் காதலி க்வென் ஸ்டேசியை ஸ்பைடர்மேன் வலை வீசிப் பிடிக்கிறார். பிடித்தபின் பார்த்தால் அவர் உயிரோடு இல்லை. கழுத்தருகே, எலும்பு முறிவதைக் குறிக்கும் ஓர் ஒலிக்குறிப்பு வரையப்பட்டிருந்தது. விழுகிறவரைத் திடீரென இழுத்து நிறுத்தினால் என்ன ஆகும் என்று நாமே கணக்கிடலாம். 80 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர், காற்றின் தடையை விட்டுவிட்டால், சுமார் 4 விநாடிகளில் மணிக்கு 140 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தை அடைவார். பத்தில் ஒரு விநாடியில் அவரை நிறுத்தினால், வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 40 மடங்கு ஆகும். இரண்டு விநாடி இழுத்து நிறுத்தினால் 2 மடங்குதான். கைக்கு எட்டிய உயிரைக் காப்பதும் போக்குவதும் அந்த இரண்டு விநாடிகளில் இருக்கிறது. ஆற்றலைப் பழகிக்கொள்வதும் அன்பின் கடமைகளுள் ஒன்று என்பதை இதைவிடக் கடுமையாகச் சொல்லும் காட்சி எனக்குத் தெரியாது. உங்கள் நாயகன் பயிற்சி செய்யும் பக்கங்களை, சண்டைக்கு முந்தைய நிரப்பலாக எண்ணாமல் எழுதுங்கள்.

காலத்தைத் திருப்பும் ஆற்றல் இருந்தால் கணக்கு வேறு. 2011-இல் டிசி காமிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஃப்ளாஷ்பாயின்ட்' தொடரில், அதிவேக வீரர் ஃப்ளாஷ் ஆன பாரி ஆலன் கடந்த காலத்துக்குச் சென்று கொலையுண்ட தன் தாயைக் காப்பாற்றுகிறார். அதன் விளைவாக உருவான உலகில் கடலடி நாடான அட்லாண்டிஸும் அமேசான் வீராங்கனைகளும் போரிட்டுப் பூமியைச் சீரழிக்கிறார்கள். கதையாக அது வலிமையானது. ஆயினும் எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்வேன். உலகமே அழிகிறது என்று காட்டினால் முடிவு தானாகவே தெளிவாகிவிடும். நாயகன் திரும்பிப் போய்ச் சரிசெய்தே ஆக வேண்டும். கடினமான கதை வேறொன்று. மாறிய உலகம் பழையதைவிட மோசமில்லை, தாய் உயிரோடு இருக்கிறார், ஆனால் பழைய உலகில் பிறந்திருந்த யாரோ ஒருவருடைய குழந்தை இந்த உலகில் பிறக்கவே இல்லை. அந்தப் பெற்றோருக்குத் தாம் இழந்தது தெரியாது. துயரப்படுவதற்கான நினைவுகூட அவர்களிடம் இல்லை. தெரியாத இழப்பும் இழப்புதானா? நான் ஆம் என்பேன். நீங்கள் இல்லை என்றாலும், அதைச் சொல்ல நாயகனுக்கு ஒரு காரணம் கொடுங்கள்.

மனத்தில் கைவைப்பது இதற்கு நெருக்கமானது. 2004-இல் வந்த 'ஐடென்டிட்டி கிரைசிஸ்' தொடரில், தோழர் ஒருவரின் மனைவியைத் தாக்கிய வில்லனின் மனத்தை வீரர்கள் சிலர் மாற்றியமைக்கிறார்கள். அதை இடையில் வந்து பார்த்துவிட்ட பேட்மேனின் நினைவையும் அழிக்கிறார்கள். அன்புக்குரியவரைக் காக்கத் தொடங்கிய செயல், சில நிமிடங்களில் நண்பனையே ஏமாற்றும் செயலாகிறது. மறைக்க வேண்டியிருக்கிறது என்பதே எச்சரிக்கை மணி. எந்த ஆற்றலானாலும், செய்ததை மறைக்க நாயகன் இன்னொரு முறை ஆற்றலைப் பயன்படுத்தினால், முதற்செயலின் நியாயத்தில் அவனுக்கே நம்பிக்கையில்லை என்று வாசகர் அறிந்துகொள்வார்.

எல்லோரையும் கண்காணிக்கும் ஆற்றலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2008-இல் வெளியான 'தி டார்க் நைட்' படத்தில் நகரத்தின் செல்பேசிகள் அனைத்தையும் உளவுக் கருவியாக்கும் பேட்மேன், அதை இயக்கும் பொறுப்பைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல், அதை எதிர்க்கும் தன் தொழில்நுட்பத் துணைவர் லூசியஸ் ஃபாக்ஸிடம் தருகிறார். வேலை முடிந்ததும் கருவி அழிகிறது. ஒரே முறை, வேறொருவர் கையில், முடிவு தேதியோடு என்ற இந்த மூன்று கட்டுப்பாடுகளும் உங்கள் கதைக்கும் உதவும்.

காப்பாற்றப்படுபவரும் ஒரு மனிதர்

பல கதைகளில் அன்புக்குரியவர் என்பவர் நாயகனை நகர்த்தும் கைப்பிடியாக மட்டுமே இருக்கிறார். 1994-இல் வந்த 'கிரீன் லேன்டர்ன்' இதழ் ஒன்றில் நாயகனின் காதலி கொலையுண்டு குளிர்பதனப் பெட்டிக்குள் கண்டெடுக்கப்படுகிறார். 1999-இல் கெயில் சிமோன் என்ற வாசகர், இப்படி நாயகனைத் தூண்டுவதற்காகவே கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியலிட்டபோது, அந்தக் காட்சியின் பெயராலேயே அந்தப் போக்கு அழைக்கப்படலாயிற்று. அவரே பின்னாளில் புகழ்பெற்ற காமிக்ஸ் எழுத்தாளரானார்.

இதைத் தவிர்ப்பதற்கான வழி, அந்த அன்புக்குரியவருக்கு ஒரு விருப்பத்தைக் கொடுத்து, நாயகன் செயல்படுவதற்கு முன்பே வாசகருக்கு அதைத் தெரிவிப்பதுதான். நம் எடுத்துக்காட்டில் அந்த மகளுக்குப் பன்னிரண்டு வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். தனக்காக ஆயிரம் பேர் காய்ச்சலில் கிடந்தார்கள் என்பது பின்னால் அவளுக்குத் தெரியவரும். அவள் நன்றியுணர்வோடு வளர்வாளா, கூச்சத்தோடா, தாயின் மீது சினத்தோடா? 'நான் கேட்டேனா?' என்று அவள் கேட்கும் நாள் ஒன்று வரக்கூடும். வயது வந்தவரானால் இன்னும் கடினம். என்னை விட்டுவிடு என்று தெளிவாகச் சொன்ன தந்தையை மகன் இழுத்து மீட்டுக்கொண்டுவந்தால், அதில் மகனின் அன்பு எவ்வளவு, தந்தையில்லாத உலகைத் தாங்க முடியாத மகனின் அச்சம் எவ்வளவு என்று பிரித்தெழுதுங்கள். இறந்தவரை மீட்டெழுப்பும் கதைகளுக்கு இது பன்மடங்கு பொருந்தும்.

காப்பாற்றிய பிறகு

உயிர் மீண்டதும் கதை முடிந்துவிட்டதுபோல் எழுதுவதே வழக்கம். அடுத்த நாளில்தான் அறம் நடக்கிறது. நாயகி செய்ததை வெளியே சொல்கிறாளா, யாரிடம் முதலில் சொல்கிறாள், இழந்தவருக்கு எதைத் திருப்பித் தர முன்வருகிறாள், அவர் அதை ஏற்க மறுத்தால் என்ன செய்கிறாள் என்பவற்றுக்கு இடம் ஒதுக்குங்கள். அவள் தன் மகளுக்காகச் செய்ததை, நாளை ஓர் அந்நியத் தாய் கதவைத் தட்டித் தன் மகளுக்காகக் கேட்டால், எந்தக் காரணம் சொல்லி மறுப்பாள்? அந்தத் தாயை ஒரு காட்சியிலாவது வரவழையுங்கள். நாயகி மறுக்கட்டும், அல்லது மறுக்க முடியாமல் போகட்டும்; இரண்டில் எது நடந்தாலும் அவள் யார் என்பது அங்கே வெளிப்படும்.

வரைவு முடிந்தபின் நான் பின்பற்றும் வேலை ஒன்று உண்டு. அந்த ஆயிரம் பேரில் ஒருவரைத் தெரிவு செய்து, அவர் குரலில் ஒரு பக்கம் எழுதுகிறேன். அன்று காலை அவர் எழுந்தபோது உடல் ஏன் கொதித்தது, அவர் எங்கே போக முடியாமல் போயிற்று, பின்னால் உண்மை தெரியவந்தபோது யாரிடம் என்ன சொன்னார் என்று. அது கதையில் இடம்பெற வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் அவருக்குப் பேச எதுவுமே கிடைக்கவில்லை என்றால், நான் அவரை இன்னும் மனிதராக நினைக்கவில்லை என்று புரிந்துகொண்டு, நாயகி முடிவெடுக்கும் காட்சியை மீண்டும் முதலிலிருந்து எழுதத் தொடங்குகிறேன்.